மாடும் திடல்தான்

1

கால்பந்து எங்கே பிறந்தது என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். பழைய சீனத்தின் தோல்பந்து, இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் மாறிய விதிகள் என்று போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் பத்தியில் ஒரு வெள்ளை மாடு வந்து நின்றது. ஓட்டிப் பார்த்தேன், நகரவில்லை. கட்டுரையை விட்டுவிட்டேன்.

2

"மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத் திடலில், செகிஞ்சான் வயல்களில் எரித்த வைக்கோலின் புகை கனவுபோல..."

(புகையை வைத்துக்கொள்கிறேன். கனவை அடித்துவிட்டேன்.)

அந்தப் புகைக்குள் விசிலோடு நின்றாள் மவுரீன். இறுதியாட்டம் அவளுக்குத் தேர்வும்கூட. கோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் மதிப்பீட்டாளர். மவுரீன் போன வருடம் தேர்வில் தவறியவள். இன்றும் தவறினால் நடுவர் உரிமம் கிடையாது.

மிகவும் நல்லவளாக வந்துகொண்டிருந்தாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆகவே ஒரு பயத்தைக் கொடுத்தேன்: இங்கே வெளியூர் அணியிடம் ஆட்டத்துக்கு முன் திடல் விதியைச் சொல்வது வழக்கம். மேயும் மாடும் திடல்தான். அதில் பட்டு உள்ளே போனாலும் கோல். சட்டப் புத்தகத்தில் இல்லாத விதி மதிப்பீட்டாளர் காதில் விழுமே என்று அவள் சொல்லாமல் விட்டாள்.

3

சமநிலை. கடைசி நிமிடம். தோட்டத்து அணித் தலைவன் ஐவன், மவுரீனின் அண்ணன், உதைத்த பந்து வெளியே போக இருந்தது. கோல் கம்பத்தருகே மேய்ந்த அந்த வெள்ளை மாட்டின் விலாவில் பட்டு வலைக்குள் திரும்பியது.

"மாடு பட்டுச்சு மிஸ், கோல் இல்லலா," என்றான் ரவாங்கிலிருந்து வந்த அணியின் தலைவன் புவனேசன்.

"மாடும் திடல்தான்," என்றான் ஐவன்.

"அப்ப அதுக்கும் ஜெர்சி குடுங்க. உங்க டீம்ல அதுதான் ஒழுங்கா அடிக்குது."

ஐவன் தங்கையிடம் குனிந்தான். "பாப்பா, நம்ம ரூல் ஒனக்குத் தெரியாதா?"

"ரெஃப்ரினு கூப்புடுண்ணே."

4

(ஆதியில் நடுவர் இல்லை, விசிலும் இல்லை. தகராறு வந்தால் இரு தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இது வரலாறு. மாடு மட்டும் என்னுடையது.)

மவுரீன் கண்ணீர்...

இல்லை, அழுகிற ஆள் அல்ல அவள். புவனேசனிடம் கேட்டாள்: "திடல் விதியை நான் சொல்லல. சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

அவன் மாட்டைக் காட்டிச் சொன்னான்:

"எங்க தாமான் குடியிருப்புத் திடல்ல வெளக்குக் கம்பம் நிக்குது. அதுல பட்டாலும் ஆட்டம்தான். ஒத்துக்கிட்டிருப்பேன்." பிறகு மெதுவாக, "ஆனா நீங்க சொல்லலையே மிஸ்."

5

இரண்டு முடிவுகள் எழுதிவைத்தேன். ஒன்றில் அவள் நடுக்கோட்டைக் காட்டுகிறாள், கோல். திடல் ஆர்ப்பரிக்கிறது, மதிப்பீட்டாளர் பேனாவை மூடுகிறார், உரிமம் இல்லை. மற்றதில் கோல் இல்லை. உரிமம் கிடைக்கிறது. அன்றிலிருந்து வீட்டிலும் ஐவன் அவளை ரெஃப்ரி என்றுதான் கூப்பிடுகிறான்.

இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை.

விசில் ஊதிவிட்டாள். கை உயர்கிறது. அது நீளும் திசையைப் புகை வந்து மூடுகிறது. என் மேசையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கோல் கம்பத்தருகே மாட்டோடு நிற்பவர் நீங்கள்தான். எந்தப் பக்கம் காட்டினாள்?