பெத்தனின் நாலு முழம்

1

இந்தக் கதை நாலு கல்தூண்களிலிருந்து வந்தது. 1967-இல் அரிசி ஆலைகளைப் பற்றி எழுதுவதற்காகப் புதுவயல் போயிருந்தேன். ஓர் ஆலையின் நெற்களத்து ஓரம், தகரக் கொட்டகை நிழலில் தூண்கள். ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்தில் ஒரு சேலைக் கிழிசல் முடிந்து தொங்கியது. ஆடு கட்டவா என்று கேட்டேன். அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள்.

"ஆடு கட்டக் கயிறு இருக்கு. இது புள்ள கட்ட."

பிள்ளைகள் எங்கே?

"பத்தர் வீட்டுல." தெருப்பக்கம் கை காட்டினாள்.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. ஆகவே இனி வருவது முழுக்க என் கற்பனை. போயிருந்தால் கதை எழுதியிருக்கமாட்டேன், செய்தி எழுதியிருப்பேன்.

2

முதலில் எழுதிய வரி: "கணவனை இழந்து தனிமையில் வாடிய சொர்ணவல்லி..."

அடித்துவிட்டேன். வாடுவது கீரை.

இரண்டாவது: "தொண்டு செய்வதில் நாட்டம் கொண்ட சொர்ணவல்லி, தன் இல்லத்திலேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தை..."

இல்லை. காப்பகம் என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது. அவள் எதையும் தொடங்கவில்லை. உமி வாங்கத்தான் போனாள்.

அவள் கணவர் சுந்தரம் பத்தர் இருந்தவரை பட்டறையில் உமி ஓடு எரியும். நகை வேலைக்கான சிறிய உலை அது. உமித் தீதான் அதற்கு உகந்தது. மாதம் ஒரு சாக்கு உமி ஆலையிலிருந்து வரும். பத்தர் போய் இரண்டு வருஷமாகியும் மாதம் பிறந்தால் அவள் சாக்கை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பட்டறையின் ஒரு சுவர் முழுக்க உமிச் சாக்குகள் அடுக்காகிவிட்டன. ஆலையில் யாராவது, "என்னம்மா, நல்லா இருக்கீகளா?" என்பார்கள். "இருக்கேன்" என்பாள். சில மாதங்களில் அவள் வாய்திறந்து பேசியது அவ்வளவுதான். பிள்ளை இல்லாத வீடு.

(பத்தர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பட்டறையைக் கூட்டிய குப்பையை வெளியே கொட்டமாட்டார்கள். பொன் துகள் கலந்திருக்கும். பானையில் சேர்த்துவைத்து ஒருநாள் கழுவி அரித்தெடுப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

சொர்ணவல்லி உமி வாங்கப் போன ஒரு நாள், தூணில் கட்டியிருந்தது அக்கம்மாளின் மகன் பெத்தன். இரண்டு வயசு. கணுக்காலில் நாலு முழத் துணி. அக்கம்மாள் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, இவன எங்க வீட்டுல விட்டுட்டு வாயேன். நான் சும்மாத்தான கெடக்கேன்."

"பத்தர் வீட்டுலயா? கூட்டுன குப்பையக்கூட வெளிய கொட்டாத வீடாச்சே. எம்புள்ள பேண்டு வச்சா என்ன செய்வீக?"

"அதையும் பானையில போட்டுக் கழுவுவேன். தங்கம் வந்தா உனக்குப் பாதி."

களமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அக்கம்மாள் பக்கத்தில் வந்தாள்.

"விடுறேன். ஆனா கட்டித்தான் வைக்கணும். மூத்தவன இந்த நெல்லு ஊறல் தொட்டியிலதான் மெதக்கையில தூக்குனேன். உங்க வீட்டுல கெணறு இருக்கு. கட்டி வைப்பீகளா?"

"வைக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமாத்தா."

அக்கம்மாளே விட்டுவிட்டாள் என்றதும் மற்றவர்களும் விட்டார்கள். ஒரு வாரத்தில் நாலு பிள்ளைகள்.

4

சொர்ணவல்லி சத்தியத்தைக் காப்பாற்றவில்லை. முதல் நாளே துணியை அவிழ்த்துவிட்டாள். கட்டிய பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கவா கூட்டிவந்தோம் என்று தோன்றியது.

மற்ற மூன்று பிள்ளைகளும் உமிச் சாக்கில் ஏறிக் குதித்தன. பெத்தன் ஆட்டுக்கல்லருகில் அவள் உட்காரவைத்த இடத்திலிருந்து எழுந்தான், நடந்தான், நாலு முழம் போனதும் நின்றான். கணுக்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மறுநாளும் அப்படியே. வெல்லக்கட்டியைத் தள்ளிவைத்துக் கூப்பிட்டாள். கையை நீட்டினான், கால் வரவில்லை.

மாலையில் ஆலைச் சங்கு ஊதும். பிள்ளைகள் போய்விடும். ஏழெட்டு நிமிஷத்துக்குள் வீடு பழையபடி ஆகிவிடும். அவள் கூட்டுவாள். தவிடு, நூல், ஒரு பிள்ளை கடித்துத் துப்பிய தேங்காய்ச் சக்கை. கைப்பழக்கத்தில் அதையும் பானையில் போட்டு மூடிவைத்தாள். பெத்தனின் புழுதி மட்டும் வட்டமாக, அளந்து போட்டதுபோலக் கிடக்கும். வட்டத்துக்கு வெளியே அவன் கால் தடம் ஒன்றுகூட இராது.

5

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. ஒரு பிள்ளையை நீருக்குக் கொடுத்தவளிடம் பொய் சொல்லலாமா? துணிச்சல்காரி என்று எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஏனென்றால், தினமும் சங்கு ஊதியதும் அவள் ஒரு காரியம் செய்தாள். துணியை எடுத்து ஒரு முனையைப் பெத்தனின் காலிலும் மறுமுனையை ஆட்டுக்கல்லிலும் கட்டினாள்.

"கட்டித்தான வச்சிருந்தீக?"

"பாரேன், கட்டித்தான இருக்கு."

பிள்ளைகளில் காளியாயி என்கிற நாலு வயசுக்காரிக்கு மட்டும் வாய் உண்டு. அவளும் இதை ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தாள்.

6

ஐப்பசியில் ஒரு நாள். (மழை பெய்தது என்று எழுதி எடுத்துவிட்டேன். மழை வேண்டாம்.) பொழுது சாய்கிற நேரம், மூன்று பிள்ளைகள் தூங்கின, காளியாயி உள்பட. சொர்ணவல்லி தண்ணீர் இறைக்கப் பின்கட்டுக்குப் போனாள். கப்பி கிரீச்சிட்டது. வாளி பாதி ஏறியபோது சேலைத் தலைப்பை யாரோ இழுத்தார்கள்.

பெத்தன்.

பட்டறை, நடை, முற்றம் எல்லாம் தாண்டி வந்திருக்கிறான். ஒரு கையில் அவள் தலைப்பு. மறு கை கிணற்றுச் சுவரின்மேல். சுவர் அவன் நெஞ்சளவுதான். கயிற்றை விட்டுவிட்டாள். வாளி விழுந்த சத்தத்தில் அவன் சிரித்தான். அவள் அவனை அள்ளிக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்தாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

வாளிச் சத்தத்தில் விழித்த காளியாயி பின்கட்டு வாசற்படியில் நின்று கைகொட்டினாள்: "பெத்தன் அங்குட்டுப் போயிட்டான்! பெத்தன் அங்குட்டுப் போயிட்டான்!"

சங்கு ஊதியது.

7

காளியாயி சொல்லாமலிருந்தாலும் பெத்தனின் கால் சொல்லிவிடும். அக்கம்மாளுக்குத் தெரிந்தால் அவனைக் கூட்டிப்போய்விடுவாள். பின்னாலேயே மற்ற மூன்றும் போகும். மறுபடி, மாதத்துக்கு ஒரு "இருக்கேன்."

ஒரு முடிவு: சொர்ணவல்லி துணியோடு குனிகிறாள். பெத்தன் பழக்கப்படி காலைத் தானே நீட்டுகிறான். இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

இன்னொன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அக்கம்மாள் வைவதில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "கெணத்துக்கிட்டயா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறாள். மறுநாள் தூணில்...

நான் பார்த்தபோது தூண்கள் காலியாக இருந்தன. அது இந்த ஐப்பசிக்கு முன்பா, பின்பா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

நண்பர் ஒருவர் மூன்றாவது சொன்னார்: இரு பெண்களும் கட்டிப்பிடித்து அழட்டும். அக்கம்மாள் இருட்டுமுன் உலை வைக்கவேண்டும். அவளுக்கு நேரமில்லை.

8

திரும்பப் படித்தபோது வேறொன்று உறைத்தது. சொர்ணவல்லிக்கு நான் ஒரு தங்கையைக் கொடுக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரியைக் கொடுக்கவில்லை. ஆலை, பட்டறை, கிணறு: எழுத வசதியாக இருக்கட்டும் என்று இந்த மூன்றுக்கு நடுவில் வைத்தேன்.

இப்போது அவள் பட்டறையில் நிற்கிறாள். துணி கையில். பெத்தன் அவள் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறான். வாசலில் அக்கம்மாளின் குரல்: "பத்தரம்மா, இருக்கீகளா?"

அவளை நான் கட்டியிருந்த கட்டை அவிழ்த்துவிட்டேன். அவள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஆனால் நான் நிறுத்திய இடத்தைவிட்டு அவள் அசையவில்லை. ஒருவேளை நீங்கள் கூப்பிட்டால் வருவாள். பெயர் சொர்ணவல்லி. சற்று உரக்கக் கூப்பிடுங்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு வெகுநாளாயிற்று.