ஆறு மில்லிபார்

காற்றுக்கு எடை உண்டு என்றால் எங்கள் அம்மா இன்றுவரை நம்புவதில்லை. அந்த எடையை அளந்துதான் பதினாறு வருஷமாக நான் சம்பளம் வாங்குகிறேன். சின்ன விமான நிலையம். ஒரே ஓடுபாதை. கீழ்த்தளத்தில் என் வானிலை அறை. மணிக்கு ஒருதரம் காற்றழுத்தமானியைப் பார்த்து எண்ணைப் பதிவேட்டில் எழுதி, மூன்றாம் மாடியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் அதை விமானத்துக்குச் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்துக் காற்று நேரம் தவறாது. காலை பத்து மணிக்கு அழுத்தம் உச்சிக்குப் போகும், மாலை நாலுக்கு இறங்கும், பிறகு மறுபடி ஏறும். மழையில்லாத மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணைச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் எனக்கு வினையாக வந்தது. அன்று மாத அறிக்கை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தபோது வழக்கமான எண். அதற்குப் பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நாலு மணிவரை எல்லாம் மனப்பாடமாகவே எழுதினேன். கடைசியாக ஆயிரத்தாறு மில்லிபார். மாடிக்கும் அதையே சொன்னேன்.

நாலேகாலுக்கு ஜன்னல் படாரென்று அடித்துக்கொண்டது. சாத்தப் போனால் வெளியே ஒரே இருட்டு, மேகம் தலைக்கு மேல் இறங்கி வந்திருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் காற்றழுத்தமானி. முள் ஆயிரத்தில் நின்றது. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். ஆயிரமேதான்.

அந்த மேகத்துக்குள் என் தங்கச்சி வந்துகொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர், எட்டுப் பயணிகள் போகும் விமானம் ஓட்டுகிறாள். விமானத்தில் உயரம் காட்டும் கருவியும் ஒரு காற்றழுத்தமானிதான். மேலே போகப் போக அழுத்தம் குறையும், குறைந்த அளவை வைத்து அது உயரத்தைச் சொல்லும். ஆனால் தரையில் அழுத்தம் எவ்வளவு என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். நான் ஆறு மில்லிபார் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். அப்படியென்றால், தான் இருப்பதாக நினைக்கும் உயரத்துக்கு ஐம்பது மீட்டர் கீழே அவள் பறந்துகொண்டிருக்கிறாள். ஓடுபாதைக்கு முன்னால் ஒரு குன்று. அதன் மேல் செல்போன் கோபுரம்.

போனில் மாடி கிடைக்கவில்லை. செருப்பை உதறிவிட்டுப் படியேறினேன்.

"அண்ணா, ஆயிரம். தப்பாச் சொல்லிட்டேன், ஆயிரம்."

கட்டுப்பாட்டு அறை அண்ணன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மைக்கை அழுத்திச் சொன்னார். பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது. திரும்பச் சொன்னார். மறுபடி இரைச்சல். குன்று இருக்கும் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, பார்த்திருந்தாலும் மேகம்தான் தெரிந்திருக்கும். மூன்றாம் தடவைதான் சிட்டுவின் குரல் வந்தது. எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு, இறங்காமல் மேலே ஏறுவதாகச் சொன்னாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இருபது நிமிஷம் சுற்றிவிட்டு, மேகம் விலகிய இடைவெளியில் இறங்கினாள். எட்டுப் பேரும் பெட்டிகளோடு நடந்து போனார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார்.

அழுத்தம் திடுதிப்பென்று விழுந்துவிட்டது, யார்தான் என்ன செய்ய முடியும் என்று அண்ணன் அவளிடம் எனக்காகச் சமாளித்திருந்தார். நல்ல மனுஷன். சிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஈரத் தொப்பி இன்னும் கையில் இருந்தது.

"நாலு மணிக்குப் பாத்தியாக்கா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் வழி போட்டுக் கொடுத்திருந்தார். பதிவேடும் என் பக்கம்தான் பேசும்.

"பாக்கல. பன்னெண்டு மணிக்கு அப்புறம் பாக்கவே இல்ல."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தொப்பியை என் மேஜைமேல் வைத்தாள்.

"எல்லார் சொல்ற நம்பரையும் நான் ரெண்டு தடவ கேப்பேன். நீ சொன்னா மட்டும் கேட்டதே இல்லக்கா."

நான் பதிவேட்டை மூடி வைத்தேன்.

"நான் வர்ற நேரத்துக்கு இனிமே வேற யாராவது டியூட்டில இருக்கட்டும்" என்றாள். குரலில் கோபமே இல்லை, வேலை விஷயமாகப் பேசுவது போலத்தான் சொன்னாள். சரி என்றேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஷிப்ட் மாற்றும் படிவத்தை எடுத்து என் பெயரை எழுதினேன்.