பக்கீர் காக்காவின் மாடு

பிரேதத்தை வண்டிலில் ஏற்றிக் கயிறும் கட்டியாயிற்று. மாடுதான் நகரவில்லை.

ஞானசேகரம் பூவரசந் தடியால் ஒன்று போட்டார். மாடு காதை ஆட்டிவிட்டு நாலு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டது. ஊரடங்குக்கு முன் சுடலைக்குப் போய்த் திரும்பவேண்டும். பாடை தூக்கக்கூடிய இளந்தாரிகள் சாம்பல்தீவில் இல்லை. மிஞ்சிய கிழவர்களைத் தூக்கவே ஆள் தேவைப்பட்டது.

“மச்சான் வளத்த வளப்பு! பிள்ளை, நாளைக்கே இதை அவிட்டுத் துரத்திவிடோணும்.”

குணேஸ்வரி வாசல் படலையின் கப்பைப் பிடித்தபடி நின்றாள். தமையன் ஞானசேகரம் கோயில் தர்மகர்த்தா, சொன்னால் செய்வார். அவிழ்த்துவிட்ட மாடு எதுவும் ஆமியின் சென்றிக் காவலைத் தாண்டித் திரும்பியதில்லை. அழவேண்டும் போலிருந்தது. அதற்கும் தெம்பு வேண்டுமே.

அது செத்துப்போன அவள் புருசன் தவராசாவின் மாடும் அல்ல. கிண்ணியாப் பக்கீர் காக்காவுடையது. சண்டை தொடங்கியபோது தப்பிப் போகும் வள்ளத்தில் மனிதருக்கே இடமில்லை. காக்கா கயிற்றைத் தவராசாவின் கையில் திணித்துவிட்டு ஏறினார். அன்றிலிருந்து தவராசா ஊருக்கெல்லாம் மாட்டின் பெருமை சொன்னார். அடையாள அட்டை கேட்டால் கொம்பைக் காட்டுமாம். ஷெல் கிளம்புமுன்னே படுத்துவிடுமாம். அதைப் பார்த்துத்தான் ஆமிக்காரனே குனிவானாம். ஊர் சிரித்தது. சிரிக்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு, தவிடோ வாழைத்தண்டோ கொண்டுவந்து போட்டார்கள். அரிசி அருகிய அந்த மாதங்களில் ஊரில் விலா எலும்பு தெரியாத ஒரே சீவன் அதுதான்.

தன் கஞ்சியிலும் பாதியை அவர் அதன் வாளியில் ஊற்றியது குணேஸ்வரிக்கு மட்டும் தெரியும். காய்ச்சல் வந்தபோது அதை எதிர்க்க அந்த உடம்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் சொன்னதில் ஒன்றே ஒன்று பொய்யில்லை. வந்த புதிதில் மாடு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மீன்காரர் ஒருவர் மூலம் விசாரித்ததற்குக் காக்காவின் பதில் வந்தது: அல்லாவின் பெயரால் பிஸ்மி சொல்லாமல் அது வாயும் வைக்காது, காலும் எடுக்காது.

“அண்ணை, அடியாதேங்கோ.”

அவள் மாட்டின் காதருகே குனிந்தாள்.

“பிஸ்மில்லாஹ்.”

வண்டில் கிரீச்சிட்டு நகர்ந்தது. சங்கு ஊதியவர் ஊத மறந்தார். ஞானசேகரம் தங்கையின் பக்கம் திரும்பினார்.

“என்ன சொன்னனீ? சைவப் பிரேதத்துக்கு முன்னாலை?”

“பிரேதத்துக்கில்லை, மாட்டுக்கு. சென்றியிலை மறிப்பாங்கள், பிறகு வெளிக்கிடாது. பொம்பிளையள் படலை தாண்டக்கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். அங்கை நீங்கள்தான் சொல்லோணும்.”

“நானோ? சிவசிவா!”

“அதையும் அவர் சொல்லிப் பாத்தவர். நகராது.”

பொழுதுபட முன்னரே வண்டில் வெறுமையாகத் திரும்பியது. சென்றியில் எப்படிக் கிளம்பியது என்று யாரும் கேட்கவில்லை. ஞானசேகரம் நேரே கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆனாலும் மாட்டு வாளி கஞ்சித் தண்ணீரால் நிறைந்திருந்தது. அயலில் யார் யார் ஊற்றிவிட்டுப் போனார்களோ தெரியாது. குணேஸ்வரி அதை இழுத்துக்கொண்டுபோய் வைத்தாள். மாடு தலையை நிமிர்த்திக் காத்து நின்றது. அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

கிணற்றடியில் முதுகைக் காட்டி நின்ற ஞானசேகரம் ஒருமுறை செருமினார். வேட்டியைப் பிழிந்தபடி, சுவருக்குச் சொல்வதுபோல் அந்தச் சொல்லைச் சொன்னார்.

மாடு வாளிக்குள் முகத்தை விட்டது.