திரேசாவின் முழங்கால்

கலிபோர்னியாவின் பிளசன்டனில், அந்தக் குடும்பத்தில் கூடைப்பந்தை முதலில் கையில் எடுத்தவள் ஜெயகுமாரிதான். சித்தி மகள் திரேசா ஒரு வயது இளையவள். அக்கா போகிறாளே என்று பின்னால் வந்தவள். ஆனால் ஜெயகுமாரி படித்த கல்லூரியிலேயே அவளும் வந்து சேர்ந்த இரண்டாம் மாதம், அணியில் அக்காவின் இடம் தங்கைக்குப் போனது. ஜெயகுமாரி பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

அதன்பிறகு பத்திரிகையில் எப்போதும் திரேசாவின் படம்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆன்ட்டிகள் ஜெயகுமாரியை நிறுத்தி, திரேசாவின் அக்காதானே நீ என்பார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள், வயிறு எரியும். 1986இல் இத்தாலியில் ஒரு கிளப் திரேசாவைச் சம்பளத்துக்கு ஆட எடுத்துக்கொண்டது. ஏர்போர்ட்டில் குடும்பமே அழுதது. ஜெயகுமாரி கார் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அடுத்த பிப்ரவரியில் சித்தி போன் செய்தாள். ஆட்டத்தில் விழுந்து திரேசாவின் முழங்கால் தசைநார் அறுந்துவிட்டதாம். ஆபரேஷனுக்கு இங்கேதான் வருகிறாளாம். ஐயோ என்றாள் ஜெயகுமாரி. சொல்லும்போதே உள்ளே ஏதோ இனித்தது. அது தெரிந்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது.

அப்போது அவள் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் முடிந்த திரேசா, வேறு யாரிடமும் போகமாட்டேன் என்று அவளிடமே வந்தாள். ஜெயகுமாரி காலைப் பிடித்து மடக்குவாள். திரேசா பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள். இந்தக் கால் இப்படியே நின்றுபோனால்தான் என்ன என்று மனம் கேட்கும். கை மட்டும் விடாமல் அழுத்தும்.

ஒருநாள் கட்டிலில் படுத்தபடியே திரேசா கேட்டாள்: "நான் விழுந்தேன்னு கேட்டப்போ உனக்கு சந்தோஷமா இருந்துச்சு, இல்லக்கா?"

ஜெயகுமாரியின் கை நின்றது. "ஆமா."

"தெரியும். அதான் உன்கிட்ட வந்தேன். நான் அழுதா மத்தவங்க ஸ்டாப் பண்ணிடுவாங்க. நீ பண்ண மாட்டே."

ஜெயகுமாரி காலை மறுபடி பிடித்து, அதுவரை போகாத அளவுக்கு மடக்கினாள். திரேசா அலறினாள், வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுவருடம் திரேசா இத்தாலிக்குத் திரும்பி ஆடினாள். அவள் அணி கோப்பை வென்றதைச் சித்திதான் போனில் சொன்னாள். பழைய எரிச்சல் அப்படியே கிளம்பியது. கால் வலிக்கவில்லையாமா என்று ஜெயகுமாரி கேட்டாள். வலியே இல்லையாம். அந்தக் காலை மடக்கியவளைப் பற்றி ஒரு வார்த்தை வருமா என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக் காத்திருந்தாள். சித்தி கோப்பையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.