பிரேக் பிடிக்காத கிரேன்

காலையில் என் கொழுந்தன் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தபோது நான் அரிசி டப்பாவின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வேளைக்குத்தான் தேறியது. கடைகளில் அரிசி இல்லாமல் ஊரே அல்லாடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு அரிசியோடு ஒரு கப்பல் முந்தின நாள்தான் துறைமுகத்துக்கு வந்து நின்றது. அதை இறக்க வேண்டிய கிரேனை ஓட்டுகிறவர் இவர்தான். ஓடுகிற கிரேன் அது ஒன்றுதான். இன்னொன்று துருப்பிடித்துச் சும்மா நிற்கிறது.

கொழுந்தனுக்கோ அறுவடை முடிந்து நெல் களத்தில் குவிந்து கிடந்தது. பஞ்சம் தொடங்கியபோதே வாங்கியிருக்க வேண்டிய அரிசியை, விளைச்சல் களத்துக்கு வந்த பிறகு கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் நம் மேலிடத்துப் புத்திசாலிகள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"அண்ணே, வியாபாரி இன்னைக்கு மத்தியானம் களத்துக்கு வர்றான்," என்றான் கொழுந்தன் ஸ்பீக்கரில். "கப்பல் அரிசி எறங்கி கடைக்குப் போயிட்டா என் நெல்லக் கால்ல கூடத் தொடமாட்டான். இன்னைக்கு ஒரு நாள் எறக்காம இருந்தா போதும்ணே."

"நான் என்ன கப்பலுக்கு மொதலாளியாடா?" என்றார் இவர்.

"பிரேக் பிடிக்கலன்னு நீ ஒரு வார்த்த சொன்னா நிறுத்திருவாங்கன்னு நீதானே சொல்லுவ."

அது நிஜம். ஓட்டுகிறவர் அப்படிச் சொல்லிவிட்டால், இன்ஜினியர் ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை யாரும் அந்தக் கிரேனைத் தொடக் கூடாது. பொய் என்று தெரிந்தால் வேலை போகும்.

அவர் என்னைப் பார்த்தார்.

"என் மூஞ்சில என்ன எழுதி ஒட்டியிருக்கு?" என்றேன். "ஊரே சோத்துக்கு அலையுது. நம்ம டப்பாவையும் எட்டிப் பாருங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தம்பி என்றால் இவருக்கு மூளை முழங்காலுக்கு இறங்கிவிடும். இவரைப் படிக்கவைத்ததும் தம்பி உழுகிற அந்த வயல்தான், அதை நானும் மறந்துவிடவில்லை.

மதியத்துக்குள் மூட்டை வந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, தெருமுனைக் கடையில் வரிசை அடுத்த தெருவரை நீண்டிருந்தது. நானும் பையோடு நின்றேன். வெயில் ஏற ஏற ஆளாளுக்கு எரிந்து விழுந்தார்கள். கடைசியில் கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தபடி வெளியே வந்தார்.

"லாரி வராது. கிரேன் பிரேக் பிடிக்கலயாம். இன்ஜினியர் மேல ஏறிப் பாத்துட்டிருக்காராம்."

பாவி மனுஷன், தம்பி சொன்னபடியே செய்துவிட்டார்.

"எவன் அந்தக் கிரேன்காரன்? அவன் கை வெளங்காமப் போக," என்றாள் எனக்கு முன்னால் நின்ற தையல்காரி. அவள் இடுப்பில் இருந்த குழந்தை அழுது அழுது ஓய்ந்திருந்தது.

"வேணும்னே நிறுத்தியிருப்பான்," என்றார் பின்னால் நின்ற பால்காரர். "பதுக்குறவன்கிட்ட வாங்கித் தின்னிருப்பான். அவன் வீடு எதுன்னு தெரிஞ்சா நேராப் போய்க் கேக்கணும்."

தையல்காரி திடீரென்று என் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்க வீட்டுக்காரரும் துறைமுகத்துலதானே? அங்க என்ன வேல?"

நாலைந்து பேர் என்னையே பார்த்தார்கள்.

"மூட்ட எண்ணுற வேல," என்றேன்.

"அப்ப அவருக்கும் இன்னைக்கு வேல இல்ல, பாவம்," என்றாள். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் காலிப் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

"வேல இருக்கா, போச்சா?"

"இன்ஜினியர் ரெண்டு தடவ ஏறி எறங்கினாரு. பொழுது சாயறப்பதான் பிரேக் நல்லாத்தான் இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. காலையில மேனேஜர் ரூமுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

டப்பாவில் தேறியதை வடித்து அவர் முன்னால் வைத்தேன். கோபத்தில் தட்டை நங்கென்று வைத்தேன், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது. அவர் சோற்றில் கை வைப்பதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னடா, வித்துட்டியா?"

"வித்துட்டேன்ணே."

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல வெலைக்கா?"

"பாதிக்கும் கீழ."

"டேய், ஒரு மூட்டகூட எறக்கலடா. நாள் பூரா நிறுத்தி வச்சிருந்தேன்."

"அரிசி எறங்கவே தேவையில்லண்ணே. வியாபாரி வந்ததும் போனத்தான் நீட்டினான். கப்பல் நிக்கிற படம். 'இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு எறங்கப் போகுது, இப்பக் குடுக்கிறியா, போகட்டுமா'ன்னான். வானம் வேற இருட்டிக்கிட்டு வந்துச்சு. நெல்லு நனைஞ்சா அதுவும் போச்சு. குடுத்துட்டேன். கிடைச்சது அறுத்த கூலிக்கே பத்தல. அதனால வீட்டுச் சாப்பாட்டுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்த நெல்லையும் சேத்து வித்துட்டேன்."

இவர் தட்டைத் தள்ளி வைத்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இருக்கியா?"

"சொல்லுடா."

"நாளைக்காவது அந்த அரிசிய எறக்கிருவியா? எங்க ஊர்க் கடைக்கும் அதுதான் வரணும்."

போனை நான் வாங்கினேன்.

"எறக்கிருவாரு தம்பி," என்றேன். "கிரேன் நல்லாத்தான் இருக்கு."