தொப்பியைத் தூக்கிய கை

என் கொழுந்தன் ஆர்லிஸ் மரியாதை தெரிந்தவன். எங்கள் ஊர் ஆம்பளைகள் எல்லோருமே அப்படித்தான். பொம்பளை ஒருத்தி உள்ளே வந்தால் சட்டென்று எழுந்து தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். மேற்கு டெக்சாஸில் மழை பெய்யாத வருஷம் உண்டு, தொப்பி கழற்றாத ஆம்பளை கிடையாது. அந்தப் பாழாய்ப்போன மரியாதைதான் என் வயிற்றில் அடித்தது.

விஷயம் ஒரு நாய்க்குட்டி. தீவனக் கடை டெல்பர்ட்டின் நாய் போட்ட குட்டிகளில் கடைசியாக மிஞ்சியது. சாம்பல் உடம்பு, ஒரு காது மட்டும் கறுப்பு, ஆடுமாடு மேய்க்கவே பிறந்த ஜாதி. குளிர்காலத்தில் என் கிழட்டு நாய் செத்ததிலிருந்து கயோட்டி நரிகள் என் பட்டிக்கு விருந்துக்கு வருவதுபோல வந்து ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயின. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில், காலையில் எழுந்து திட்டுவதற்கு ஓர் உயிர் வேண்டாமா? அந்தக் குட்டிமேல் எனக்கு உயிர். ஆர்லிஸும் தன் மாடுகளுக்கு அதையே கேட்டான்.

டெல்பர்ட் யாரிடமும் இல்லையென்று சொல்லத் தெரியாத ஆசாமி. தலையைச் சொறிந்தான்.

"விர்ஜியக்கா, நீங்க ரெண்டு பேரும் போக்கர் ஆடிடுங்க. ஜெயிக்கிறவங்களுக்குக் குட்டி. என் தலை தப்பிச்சிடும்."

சனிக்கிழமை மத்தியானம் தீவனக் கடைப் பின்னறையில் உட்கார்ந்தோம். பணம் கிடையாது, ஆளுக்கு ஒரு கிண்ணம் பின்டோ பீன்ஸ். எதிராளியின் பீன்ஸ் முழுவதையும் வாங்கினால் வெற்றி. கைக்கு ஐந்து சீட்டு, வேண்டாததைப் போட்டு மாற்றிக்கொண்டு பந்தயம் கட்ட வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து நடுவில் கிடப்பதை எதிராளிக்கு விட்டுவிட வேண்டும். டெல்பர்ட் சீட்டுப் போட்டான். எங்கள் மேஜையில் எழுதாத சட்டம் இரண்டு உண்டு. அடுத்தவர் சீட்டு கண்ணில் பட்டால் அப்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜெயித்ததைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அது தோற்றவர் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

முதலில் என் கைதான் ஓங்கியிருந்தது. பிறகு ஓர் ஆட்டத்தில் இருவருடைய பீன்ஸும் பாதிக்கு மேல் நடுவில் குவிந்துவிட்டது. ஆர்லிஸ் மூன்று சீட்டு மாற்றினான், பார்த்தான், பல்லைக் காட்டினான். மிச்சமிருந்த பீன்ஸ் எல்லாவற்றையும் நடுவில் கொட்டினான்.

"மொத்தமும், அண்ணி."

என்னிடம் இருந்தது வெறும் ஒரு ஜோடி எட்டு. இவன் இளிப்பைப் பார்த்தால் மூன்று ராஜாவாவது வைத்திருப்பான்போல் இருந்தது. வேண்டாம் விர்ஜி, சீட்டைக் கவிழ்த்துவிட்டு அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள் என்று முடிவு செய்து கையை நகர்த்தினேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. கோழித் தீவனம் வாங்க பாஸ்டரம்மா நெல்டா வந்து நின்றாள்.

ஆர்லிஸ் துள்ளி எழுந்தான். இடது கையில் காபி. வலது கை தொப்பிக்குப் போயிற்று, சீட்டுகளோடு. தொப்பி விளிம்பில் விசிறியாக விரிந்து ஐந்து சீட்டும் என்னைப் பார்த்தன. இரண்டு நாலு, மற்றதெல்லாம் குப்பை! பாவிப்பயல் வெறுங்கையை வைத்துக்கொண்டு என்னை மிரட்டியிருக்கிறான்!

"டேய், கையை இறக்குடா! எல்லாம் தெரியுதுடா!" என்று கத்திவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆர்லிஸ் பேய்முழி முழித்தான். சீட்டைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான், உட்கார்ந்தான்.

"எத்தனை பார்த்தீங்க, அக்கா?" என்றான் டெல்பர்ட்.

"அஞ்சும்."

"அப்ப இந்த ஆட்டத்தைக் கலைச்சிடலாமா?"

"கலைக்கிறதாவது! காட்டினது நான். என் தப்புக்கு அண்ணி ஏன் பொறுப்பு? ஆட்டம் அப்படியே நிக்கட்டும்," என்றான் ஆர்லிஸ், முகம் பீட்ரூட்டாகி.

அடடா, தேன் வார்த்தை! அவன் நாலை என் எட்டு அடித்துவிடும், பீன்ஸை நடுவில் தள்ளினால் குட்டி என் மடியில். தள்ளப்போனேன்.

"எனக்குச் சீட்டைப் பத்தி ஒன்னும் தெரியாது," என்றாள் நெல்டா. அவள் பாப்டிஸ்ட் பாஸ்டர் பெண்சாதி. சீட்டென்றாலே சாத்தானின் படப்புத்தகம் என்பாள். "சும்மா கேக்கறேன், கடைசியா பந்தயம் ஏத்தினது ஆர்லிஸா?"

"ஆமாங்க," என்றான் டெல்பர்ட்.

"மூணு சீட்டு மாத்திட்டா?"

"ஆமா."

"அவருக்கு அப்புறம் பேச வேண்டியவங்க விர்ஜி மட்டுந்தானே?"

டெல்பர்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஒன்னும் தெரியாதுன்னீங்க!"

"எங்க அப்பா கொஞ்சம் ஆடுவார். பாஸ்டர்கிட்ட மூச்சு விட்டீங்கன்னா தெரியும் சேதி." என்னைப் பார்த்துத் திரும்பினாள். "விர்ஜி, அவர் கையைத் தூக்கறதுக்கு முன்னாடி நீங்க என்ன செய்யறதா இருந்தீங்க? அதையே செஞ்சிடுங்க. பார்த்த கண்ணுக்குப் பங்கு கிடையாது."

இவள் கோழிக்கெல்லாம் சீக்கு வர! கோழித் தீவனம் வாங்க வந்தவளுக்கு என் மனசாட்சியைக் கிளற என்ன வேலை? நான் என்ன நினைத்திருந்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பந்தயத்துக்கு நிற்கத்தான் இருந்தேன் என்று சொன்னால் எவன் மறுக்க முடியும்? பெட்டிக்குள் இருந்த குட்டி அந்தக் கறுப்புக் காதை நிமிர்த்தி என்னையே பார்த்தது.

"கவுக்கத்தான் இருந்தேன்," என்றேன். சீட்டைக் கவிழ்த்தேன்.

நடுவிலிருந்த குவியல் முழுக்க அவன் கிண்ணத்துக்குப் போயிற்று. எனக்கு மிஞ்சிய ஒரு கைப்பிடி பீன்ஸ் அடுத்த இரண்டு ஆட்டத்தில் காலி. ஆர்லிஸ் குட்டியைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் நின்றான்.

"அண்ணி, அப்ப உங்ககிட்ட என்ன இருந்துச்சு?"

"ஒரு ஜோடி எட்டு."

"என்னோடது ரெண்டு நாலுதான்னு தெரிஞ்சுமா கவுத்தீங்க?"

"தெரியாம இருக்கிறதுக்கு என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? போடா, கண்ணு முன்னாடி நிக்காத."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜெயித்ததைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்ற சட்டம் அவன் வாயைக் கட்டிப்போட்டது, குட்டியோடு போனான். நான் வண்டியில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூக்கு சிவக்க அழுதேன். ஒரு நாய்க்காகவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை ஆடுகள் நக்குகிற உப்புக்கட்டி வாங்கத் தீவனக் கடைக்குப் போனால், பின்னறையில் ஆர்லிஸ். காலடியில் குட்டி. தொப்பி தலையில் இல்லை, வண்டியிலேயே வைத்துவிட்டானாம்.

"உக்காருங்க அண்ணி. ஒரே ஒரு ஆட்டம். நான் குட்டியை வைக்கிறேன். நீங்க ஒரு சட்டி மாட்டுக்கறி சிலி வைங்க."

"ஒரு சட்டி சிலிக்கு நாயா? மூளை கீளை குழம்பிப்போச்சா?"

"என் நாய், என் இஷ்டம். போற இடமெல்லாம், 'இதுதான் விர்ஜி நேர்மையில வந்த குட்டியா'ன்னு கேக்கறானுங்க. சவரம் பண்றவன் கத்தியைக் கழுத்துல வச்சிக்கிட்டே கேக்கறான். உக்காருங்க."

"குட்டி எப்படி இருக்கு?"

"ராத்திரி என் பூட்ஸுக்குள்ளதான் தூங்குது," என்றான். குனிந்து அதன் தலையைத் தடவினான், எடுக்க மனமில்லாமல் கையை எடுத்தான்.

உட்கார்ந்தேன். டெல்பர்ட் சீட்டுப் போட்டான். எனக்கு ஒரு ஜோடி ஆறு வந்தது. மூன்றை மாற்றியும் தேறவில்லை. ஆர்லிஸ் தன் சீட்டை நெடுநேரம் பார்த்தான். மூன்றை எடுத்து மேஜைமேல் வீசினான். வீசிய வேகத்தில் மூன்றும் மல்லாந்து விழுந்தன. ஆஸ், ஆஸ், இன்னொரு ஆஸ்!

டெல்பர்ட் சட்டென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தான். ஆர்லிஸ் அவசரமாகச் சீட்டுகளைக் கவிழ்த்தான்.

சட்டம் சட்டம்தானே. வாய்விட்டுச் சொன்னேன். "ஆர்லிஸு, மூணு ஆஸைத் தூக்கிப் போட்டிருக்க. நான் பார்த்துட்டேன்."

"எங்க? எனக்குத் தெரியல. கண் டாக்டரைப் பாருங்க, அண்ணி."

"டெல்பர்ட், நீ பார்த்தியா?"

"நான் பல்லியைப் பார்த்துட்டிருக்கேன், அக்கா."

ஆர்லிஸ் புதுச் சீட்டுகளை விரித்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சீட்டு. நான் என் இரண்டு ஆறையும் மேஜையில் வைத்தேன்.

"தோத்துட்டேன்," என்றான் அவன். குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, அது தன் பின்னாலேயே வரப்பார்த்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குட்டி என் விரலைக் கடித்தது. நான் அதைத் திட்டினேன், நல்ல வார்த்தை ஒன்றுகூட வராமல் ஆசை தீரத் திட்டினேன்.

ஆர்லிஸ் கதவுவரைக்கும் போய்விட்டான்.

"டேய் தடியா! நாளைக்குச் சர்ச் முடிஞ்சதும் வீட்டுக்கு வா. ஒரு சட்டி சிலி வச்சித் தரேன்."

"ஜெயிச்சது நீங்கதானே, அண்ணி?"

"வாடான்னா வா," என்றேன். "வரும்போது அந்தப் பூட்ஸையும் கொண்டு வா. ராத்திரி இது எதுக்குள்ள தூங்கும்?"