கரையில் நின்ற மகன்

“என்னயக் கொன்னது யாருட்டி?”

தேன்மொழி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலில் கிடந்த அப்பா கருத்தையா, தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டுத் தனலட்சுமி அக்கா, “மத்தியானத்துலேருந்து இதே கேள்விதான்” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேரன்மகாதேவி ஆற்றங்கரையில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த கருத்தையாவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்து டைரக்டர் அவரைக் கூட்டிப்போனார். கொலையான விவசாயி வேஷம். வசனம் கிடையாது. ஆற்றில் பிணமாக மிதக்க வேண்டும். பிறகு ஈர வேட்டியோடு எழுந்துவந்து, சந்தேகத்துக்கு ஆளான மில்லுக்காரன், மகன் என்று ஒவ்வொருவர் வாசலிலும் நிற்க வேண்டும். கொன்றது யார் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. படம் வந்தால் தெரியும் என்றார்கள்.

படம் வந்தபோது அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரியிலும் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேன்மொழி துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு, திருநெல்வேலிக்குத் தனியாக மேட்னி ஷோ போனாள். அப்பா தண்ணீரிலிருந்து தலை தூக்கியபோது தியேட்டரே அலறியது. முன் சீட்டுப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அது எங்கப்பா என்று சொல்லத் தேன்மொழிக்கு இரண்டு பக்கமும் ஆளில்லை.

கடைசியில் தெரிந்தது. படத்தில் வரும் மகன்தான் அவர் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அண்ணன் இசக்கிமுருகன் ஞாபகமாகவே இருந்தது. கல்யாணப் பேச்சில் சண்டை முற்றி, அப்பாவை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டுத் திருப்பூர் போனவன். அதற்கப்புறம் அவளுக்கு மட்டும் போன் பேசுவான். இந்த வீட்டில் அவன் பேரைச் சொல்வதில்லை.

“சொல்லுட்டி.”

“மில்லுக்காரன்ப்பா.”

“மகன் இல்லியா?”

“இல்லப்பா. அவன் கரையில நின்னு அழுதான்.”

கருத்தையா பார்வையைக் கூரைக்குத் திருப்பினார்.

“ஷூட்டிங்குல அந்தப் பய சோறு திங்கும்போதுகூட என் மூஞ்சியப் பாக்கல. அவந்தான்னு நெனச்சிட்டேன்.” மூச்சு வாங்கியது. “மேல சொல்லு. அவன் வீட்டு வாசலுக்குப் போனேனா?”

“போனிய. கதவத் தொறந்தான். ஒங்களக் கண்டு பயப்படல. உள்ள வாங்கப்பான்னான்.”

படத்தில் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

“ஈரத்தோடயா?”

“துண்டு எடுத்து அவனே தலையத் தொவட்டிவிட்டான்.”

கருத்தையா ‘ம்’ கொட்டினார். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனாள். மகன் இலை போட்டான். சுடுசோறு வைத்தான். வேண்டாம் வேண்டாம் என்றாலும் மறுபடியும் வைத்தான். ‘ம்’ எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. நின்ற பிறகும் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் கண்களை மூடிவிட்டு, அண்ணனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பனியன் கம்பெனி மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னாள். அவன் எங்கோ ஒதுங்கிப் போயிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

“என்னயப் பத்தி ஏதாவது சொன்னாராட்டி?”

அவள் கட்டிலைப் பார்த்தாள்.

“சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“நீ மொதல்ல பொறப்பட்டு வா.”

மெஷின் சத்தம் மறுபடியும் நெருங்கியது. அவன் போனை வைக்கவில்லை. அதுவாகவே கட்டானது.

இனி ஆட்கள் வருவார்கள். தனலட்சுமி அக்காவைக் கூப்பிடுவதற்கு முன்னால், வாசலுக்குக் குறுக்கே நின்ற அப்பாவின் பழைய சைக்கிளை நகர்த்திச் சுவரோரம் சாய்த்தாள். அது நிற்காமல் சரிந்தது. தேன்மொழி அதன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றாள்.